மறு: டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கலைச்சொல் – 'பகிர்மானி' ஒட்டவில்லை

> பகிர்மானி என்றே வைத்துவிடலாம். மின்வாரியமே பகிர்மானம் என்றுதானே எழுதுகிறது.

கார் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்துத் தீப்பொறிக்கான மின்சாரத்தை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு. ஐயா, மின்வாரியம் எழுதுகிறது என்பதுதான் எனக்கு இடிக்கிறது. பகிர்மானம் என்றால் டிரான்ஸ்பார்மரிலிருந்து தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் போவது. கார் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் அப்படிச் செய்தால் வண்டி ஓடாது. ஒரு சிலிண்டருக்குப் பொறி போகும்போது மற்ற மூன்றுக்கும் கிடையாது, அந்த 'கிடையாது'தான் அதன் வேலையில் பாதி.

> விநியோகி?

சினிமாப் பெட்டி ஞாபகம் வருகிறது. வேண்டாம்.

> பொறிப்பகிர்வி

இதில் 'பொறி'தான் சிக்கல். தீப்பொறியும் பொறி, இயந்திரமும் பொறி, எலி மாட்டுவதும் பொறி. பொறியியல் படித்தவன் இதைப் பார்த்தால் இயந்திரத்தைப் பங்கு போடும் கருவி என்று நினைத்தாலும் தப்பில்லை.

நான் இதில் இவ்வளவு பேசுவதற்குக் காரணம், போன மாதம் பெரியப்பாவின் அம்பாசிடருக்கு நானே டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றினேன். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். சேலத்திலிருந்து தருமபுரி திரும்பும்போது தொப்பூர் மேட்டில் மிஸ் அடிக்க ஆரம்பித்து, மேலே ஏறுவதற்குள் லாரிக்காரர்கள் எல்லாரிடமும் ஆரன் வாங்கியாயிற்று. வீட்டுக்கு வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே மயிரிழை விரிசல், அப்புறம் நடுவில் சுற்றும் தண்டான ஷாப்டைப் பிடித்து ஆட்டினால் நன்றாகவே ஆடுகிறது. தாங்கிப் பிடிக்கும் புஷ் தேய்ந்து ஷாப்ட் ஆடினால், மின்னோட்டத்தை வெட்டும் பாயிண்டின் இடைவெளியை 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ., என்று எத்தனை முறை வைத்தாலும் நிற்காது, அதனால் முழுசாகவே மாற்றுவது என்று முடிவு.

பழையதை எடுக்கும் முன், ஷாப்டின் தலையில் சுற்றி ஒவ்வொரு ஒயருக்கும் பொறியைக் கொடுக்கும் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சாக்பீஸால் குறி போட்டேன். ஒன்றாம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, தம்பியை ஹேண்டில் போட்டுச் சுற்றச் சொன்னேன். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று சுற்றும், ஆகவே பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும், அதில் காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வருகிற தடவைதான் நமக்கு வேண்டியது. இன்னொன்றை நம்பி ஒயர் மாட்டினால் எல்லாமே அரைச்சுற்று தள்ளிப்போய் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும். இந்த எஞ்சினில் ஷாப்டின் அடிவால் நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கி இருப்பதால் ஒரே வாக்கில்தான் உட்காரும், அது ஒரு நிம்மதி. சில எஞ்சின்களில் ஷாப்டிலேயே சாய்வுப் பல் இருக்கும், அங்கே உள்ளே இறக்க இறக்க ரோட்டார் கொஞ்சம் திரும்பும், அந்த அளவுக்குப் பின்தள்ளி வைத்து இறக்க வேண்டும்.

இவ்வளவு சரியாகச் செய்துவிட்டு ஒயரில் கோட்டை விட்டேன். எரியும் வரிசை 1-3-4-2 என்று மனப்பாடம், ஆனால் ரோட்டார் இடப்பக்கமாகச் சுற்றுகிறது, நான் கடிகார முள் போகிற பக்கமாக மாட்டிவிட்டேன். 1, 4 சரியாக அமைய, 2, 3 இடம் மாறிவிட்டன. வண்டி ஸ்டார்ட் ஆனது, ஆனால் தீபாவளிச் சத்தம். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா சொன்னது: "ஏன்டா, ரெண்டாம் பாத்திக்கு விட வேண்டிய தண்ணிய மூணாம் பாத்திக்கு விட்டுட்டியா?"

அவருக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் நிலம், கிருஷ்ணகிரி அணைக் கால்வாய்ப் பாசனம். வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் வரும், வந்த தண்ணீரை மண்வெட்டியோடு நின்று ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்த பாத்திக்குத் திருப்புவார். ஒரே தண்ணீர், ஒவ்வொரு பாத்தியாக, வரிசை தப்பாமல். ரோட்டார் செய்வதும் இதேதான். ஆகவே நான் முன்வைப்பது: மடைமாற்றி.

> பத்திரிகையில் 'நிதி மடைமாற்றம்' என்று முறைகேட்டுக்கு எழுதுகிறார்களே?

எழுதுகிறார்கள் அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். வயலில் அந்தச் சொல்லுக்குக் களங்கம் எதுவும் இல்லை, ஐடிஐ பையன் கையில் ரோட்டாரை வைத்துக்கொண்டு படிக்கும்போது பத்திரிகைச் செய்தி நினைவுக்கு வராது என்று நம்புகிறேன்.

இதைவிட வலுவான குறை ஒன்று இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். பொறியை அனுப்புவதோடு, பாயிண்ட் திறந்து 12 வோல்ட் ஓட்டத்தை வெட்டுவதும் இதே டப்பாவுக்குள்தான் நடக்கிறது, அந்த வெட்டு இல்லாமல் காயிலிலிருந்து பல்லாயிரம் வோல்ட் கிளம்பாது. மடைமாற்றி என்ற பெயரில் அந்த வேலை தெரியவில்லை. ஆங்கிலப் பெயரிலும்தான் தெரியவில்லை, அதனால் விட்டுவிடலாம்.

> இப்போது பிளக்குக்கு ஒரு காயில் வந்துவிட்டது. செத்த சாமானுக்கு எதற்குப் பெயர்?

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறோம் ஐயா.

ரோட்டாருக்கு மடைக்கை. மேலே இருப்பதற்கு மூடி போதும். டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, முன்னே பின்னே நகர்த்துவதற்கு முந்தல், பிந்தல். பட்டறையில் "கொஞ்சம் முந்தி வை" என்று ஏற்கனவே சொல்கிறார்கள். எஞ்சின் உறிஞ்சும் விசையால் டைமிங்கை முந்த வைக்கும், பக்கவாட்டில் தொங்கும் அந்த வேக்குவம் டப்பாவுக்குத்தான் எதுவும் சிக்கவில்லை. 'உறிஞ்சுமுந்தி' என்று எழுதிப் பார்த்து நானே அடித்துவிட்டேன். ஓசூர் பக்கம் பட்டறையில் யாராவது வேறு பெயர் சொல்லக் கேட்டிருந்தால் எழுதுங்கள்.