தாண்டிக்குடி சொந்தங்கள் (குழு)

கார்த்தி: 📷 பந்தலுக்குக் கல்லு பொறட்டுனப்ப ஒரு தேள் சிக்குச்சு. புது இனமாம். நாளைக்கு நிருபர் வர்றாரு

மல்லிகா அத்தை: ஆத்தாடி. மண்ணெண்ணெய ஊத்துடா

கார்த்தி: ஊறுகா பாட்டில்ல அடைச்சாச்சு அத்தை

செல்வம் சித்தப்பா: யாரும் எதையும் ஊத்தாதீங்க. மூடியில ஓட்டை போட்டு ஈரத் துணி ஒண்ணு உள்ள வை. இன்னொன்னு சிக்குனா தனி டப்பா, ஒண்ண ஒண்ணு தின்னுரும். தடிச்ச இடுக்கி, ஒல்லி வால்னா காட்டுத் தேள், விஷம் கம்மி. ஒல்லி இடுக்கி, தடிச்ச வால், செவப்பா இருந்தா செந்தேள். அது கொட்டுனா நேரா ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கு இதயத்தையே பாதிக்கும்.

கார்த்தி: இது கருப்பு, இடுக்கி தடி

பெரியப்பா: எந்தக் கல்லு? தெக்குச் சுவரா?

கார்த்தி: ஆமா பெரியப்பா

பெரியப்பா: அது எங்க பங்கு

ராணி மதினி: ஆரம்பிச்சாச்சு 🙏

செல்வம் சித்தப்பா: அண்ணே, பங்கு அப்புறம். ஆனா இடம் துல்லியமா வேணும். அதே கல்லுகிட்ட நின்னு ஜிபிஎஸ், கடல் மட்ட உயரம், தேதி, கல்லுக்கு அடியிலயா வளைக்குள்ளயா, எல்லாம் குறிச்சுக்க. இது இல்லாத தேளை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

மணி: காதுகுத்துக்கு வேன் 2 போதுமா?

கார்த்தி: ராத்திரி யூவி டார்ச் அடிச்சா பச்சையா மின்னுது சித்தப்பா! புதுசுதானே?

செல்வம் சித்தப்பா: கிட்டத்தட்ட எல்லாத் தேளும் மின்னும், தோலுரிச்ச புதுசுல மின்னாது. தேடத்தான் அந்த வெளிச்சம், அடையாளத்துக்கு இல்ல. வயித்தடியில சீப்பு உறுப்பு இருக்கும், அதுல பல்லை ரெண்டு பக்கமும் எண்ணணும். ஒண்ணு ரெண்டு வித்தியாசம் இயல்பு. அப்புறம் மார்புத் தகடு முக்கோணமா ஐங்கோணமா, இடுக்கியில உணர்மயிர் எங்கெங்க, முதுகு வழவழப்பா சொரசொரப்பா. இதெல்லாம் நுண்ணோக்கியில. ஆணுக்குப் பல்லு பொதுவா கூட, இடுக்கி வடிவமும் மாறும். ஆணையும் பெண்ணையும் ரெண்டு இனம்னு எழுதிட்டுப் பின்னால ஒண்ணாக்குனது நெறைய. குட்டிக்கு நிறமே வேற. அதனால ஒரு தேளை வச்சு முடிவு சொல்லக் கூடாது.

ராணி மதினி: 👍

செல்வம் சித்தப்பா: காப்பகத்துல இருக்குற பழைய தேள் மாதிரிகளோட ஒப்பிடணும். 2020-ல காட்டுத் தேளுங்க இருந்த ஹெட்டரோமெட்ரஸ்ங்கிற பேரினத்தையே பல பேரினமா உடைச்சுட்டாங்க. மேற்குத் தொடர்ச்சி மலையில பலது இப்ப சஹ்யாத்ரிமெட்ரஸ்ங்கிற பேரினம். பழைய பேரை வச்சுத் தேடுனா குழப்பம்தான்.

மல்லிகா அத்தை: கருப்பசாமி பேரை வைங்கப்பா

செல்வம் சித்தப்பா: பேரு, ஆராய்ஞ்சு வெளியிடுறவங்க வைக்கிறது அக்கா. கேட்டுப் பாக்கலாம்.

மணி: சித்தப்பா, சாராயத்துல போட்டு வச்சா?

செல்வம் சித்தப்பா: கூடாது மணி. உயிரோட ஆல்கஹால்ல போட்டா சுருண்டு விறைச்சுரும், சீப்பை எண்ண முடியாது. ஆய்வாளர் கேட்டா மட்டும், முதல்ல ஃப்ரீசர்ல மயக்கி, அப்புறம் 70% எத்தனால். டிஎன்ஏவுக்கு ஒரு கால் மட்டும் தனியா, 95%க்கு மேல. ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், டிஎன்ஏ கெட்டுரும். பெரிய தேளுக்கு ஆல்கஹாலை ஊசியில உள்ளயும் ஏத்தணும், இல்லன்னா குடல் அழுகும்.

ராணி மதினி: ஃப்ரீசர்ல மீன் இருக்கு!!

கார்த்தி: காட்டுக்குள்ள இன்னொன்னு தேடவா?

செல்வம் சித்தப்பா: வனத்துறை அனுமதி இல்லாம ஒரு கல்லையும் பொறட்டாத. நம்ம நிலத்துல மட்டும் பாரு. பொறட்டுன கல்லைத் திருப்பி அதே மாதிரி வை. புதுசுன்னு உறுதியானா 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அரசு குறிச்ச காப்பகத்துல மாதிரி வைக்கணும். சென்னை சாந்தோம்ல விலங்கியல் ஆய்வகம் இருக்கு, மொதல்ல படம் அனுப்புவோம்.

பெரியப்பா: குறிப்புல யார் நிலம்னு எழுதுவ?

செல்வம் சித்தப்பா: ஜிபிஎஸ் எண்தான் அண்ணே போகும்

மணி: வேன் 2ஆ 3ஆ?

ராணி மதினி: அத்தை வர்றாங்களான்னு முதல்ல கேளு

கார்த்தி: நிருபர்ட்ட என்ன சொல்ல?

மல்லிகா அத்தை: சாமி பேரைச் சொல்லு