வைல்ட் ஓட்ஸ் வென்றது பத்து முறையா, ஒன்பது முறையா?

நெய்தலான்:
ஆஸ்திரேலியாவின் சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் வைல்ட் ஓட்ஸ் 11 என்ற படகு பத்து முறை முதலில் வந்ததாக நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2005 முதல் 2008 வரை நான்கு, பின்னர் 2010, 2012, 2013, 2014, 2018 என மொத்தம் ஒன்பதுதான். பத்தாவது எங்கிருந்து வந்தது?

கொண்டல்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 2017 டிசம்பர் 27 இரவு, 628 கடல் மைலை 1 நாள் 8 மணி 48 நிமிடம் 50 வினாடியில் முடித்து ஹோபார்ட்டை முதலில் அடைந்தது வைல்ட் ஓட்ஸ்தான். போட்டிப் படகான கோமான்சி 26 நிமிடம் பிந்தியே வந்தது.

நெய்தலான்:
பந்தயம் தொடங்கிய சற்று நேரத்தில், சிட்னி துறைமுகத்துக்குள்ளேயே, கோமான்சியின் குறுக்கே வந்து மோதலுக்கு மிக அருகில் கொண்டுபோனதும் அதே வைல்ட் ஓட்ஸ்தான். காற்றை இடப்புறம் வாங்கும் படகு வலப்புறம் வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது பாய்மரப் படகில் முதல் நாள் ஏறுகிறவருக்கும் சொல்லித்தரப்படும் விதி. அப்போதே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றித் தவற்றைத் தீர்த்துக்கொள்ள வழி இருந்தும் அவர்கள் அதைச் செய்யவில்லை; ஆகவே நடுவர் குழு வைல்ட் ஓட்ஸின் நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டியது, 1 நாள் 9 மணி 15 நிமிடம் 24 வினாடியில் வந்த கோமான்சி வென்றது. ஒன்பது.

பரதவன்:
இருவரும் முடிவுக் கோட்டை முதலில் கடப்பதையே வெற்றி என்கிறீர்கள். படகின் தன்மைக்கேற்பத் திருத்திய நேரத்தில் முந்துபவருக்கே ஒட்டுமொத்த வெற்றிக்கான டாட்டர்சால் கோப்பை. அதை இப்படகு 2005, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டுமே பெற்றது.

நெய்தலான்:
கேள்வி அதுவன்று. 2017 கணக்கில் வராது.

அலைவாய்:
அப்படியானால் 2018 மட்டும் எப்படி வரும்? படகின் இருப்பிடத்தைப் பிறருக்கு அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவியின் சமிக்ஞையை வைல்ட் ஓட்ஸ் அனுப்பவில்லை என்று போட்டிப் படகான பிளாக் ஜாக்கின் உரிமையாளர் சொன்னதும், பந்தயக் குழுவே முறையீடு செய்ததும் மறந்துவிட்டனவா?

நெய்தலான்:
அந்த முறையீடு செல்லாது என்று நடுவர் குழு தள்ளிவிட்டது. இரண்டு ஆண்டுகளிலும் நான் நடுவர் தீர்ப்பையே ஏற்கிறேன்.

அலைவாய்:
தகவல் போட்டியாளர் ஒருவரிடமிருந்து வந்தது என்ற நடைமுறைக் காரணத்தால் தள்ளப்பட்டதே தவிர, கருவி இயங்கியதென்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. அமெரிக்கக் கோப்பைப் படகுப் பந்தயம் பற்றிய விவாதத்திலும் தாங்கள் இப்படித்தான் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

நெய்தலான்:
பழைய விவாதத்தை இங்கே இழுக்க வேண்டாம். மோர்னா என்றும் குர்ரேவா 4 என்றும் இரு பெயர்களில் ஓடிய ஒரே படகு ஏழு முறை முதலில் வந்து வைத்திருந்த சாதனையை 2014இல் எட்டாவது வெற்றியால் முறியடித்த படகு இது. இதன் பெருமைக்குக் கொடுக்கப்படாத வெற்றியைச் சேர்க்கத் தேவையில்லை. ஒன்பது.

கொண்டல்:
கூட்டிய அந்த ஒரு மணி நேரம் தாளில் ஓடியது, கடலில் ஓடவில்லை. பத்து என்றே எழுதுவேன்.

நெய்தலான்:
எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் கீழே வந்து ஒன்பது என்று திருத்துவேன்.