1900 ஒலிம்பிக்: ஆல்ஜெர்னான் மாட்ஸ்லே பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நெய்தல்நிலா:
பாரிஸ் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியில் ‘ஸ்கோஷியா’ என்ற பிரிட்டிஷ் படகு இரண்டு பிரிவுகளில் முதலிடம் பிடித்திருக்கிறது. அதில் நாலு பேர்: லோர்ன் கரி, ஜான் கிரெட்டன், லின்டன் ஹோப், ஆல்ஜெர்னான் மாட்ஸ்லே. கிரெட்டன் அப்போதே எம்.பி., ஹோப் படகு வடிவமைப்பாளர். மாட்ஸ்லே (1873–1948) பற்றி மட்டும் “அகதிகள் பணி” என்று ஒரே வரிதான் கிடைக்கிறது. அது என்ன பணி?

பாய்மரம்:
போட்டி பற்றி மட்டும் சொல்கிறேன். நடந்தது கடலில் இல்லை. பாரிஸுக்கு மேற்கே மோலான் என்ற ஊரில், சேன் ஆற்றில். முதல் போட்டியில் 49 படகுகள். காற்று சரியாக வீசவில்லை. பாயைத் தவிர வேறு வழியில் படகைத் தள்ளினார்கள் என்று பலரை நீக்கிவிட்டார்கள். அந்த மாதிரி நாளில் பொறுமையாக ஓட்டி ஜெயிப்பது லேசு இல்லை.

பதிவேடு:
நிலா, அந்த ஒற்றை வரியைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை. வெள்ள நிவாரண முகாம்களில் பெயர் எழுதுகிற மேசையில் உட்கார்ந்தவள் நான். அந்த வேலையின் பாரம் தெரியும்.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும் மக்கள் கிடைத்த கப்பலில் ஏறி இங்கிலாந்துக்கு ஓடிவந்தார்கள். பத்திரிகையாளராக இருந்த ஃப்ளோரா லுகார்டும் நண்பர்களும் லண்டனில் போர் அகதிகள் குழுவை ஆரம்பித்தார்கள். அதன் கௌரவச் செயலாளர் மாட்ஸ்லே, சம்பளம் கிடையாது.

அக்டோபரில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம் ஜெர்மானியரிடம் விழுந்தது. 14-ஆம் தேதி ஒரே நாளில் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள் சுமார் 16,000 பேர். போர் முடிவதற்குள் மொத்தம் சுமார் 2,50,000. லண்டனில் அலெக்சாண்ட்ரா பேலஸ், ஏர்ல்ஸ் கோர்ட் என்ற பெரிய அரங்குகளில் தங்கவைத்து, அங்கிருந்து ஊர் ஊராகக் குழுக்கள் மூலம் வீடு பார்த்து அனுப்பினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பலருக்கு ஃப்ளெமிஷ் என்ற பெல்ஜிய மொழி மட்டும்தான் தெரியும். இடம் தருகிறேன் என்பவரிடம் ஓர் அறை இருக்கும், வந்த குடும்பத்தில் ஏழு பேர் இருப்பார்கள். அண்ணனை ஒரு ஊருக்கும் தங்கையை இன்னொரு ஊருக்கும் அனுப்பிவிட்டால், பிறகு யார் சேர்த்துவைப்பது?

நெய்தல்நிலா:
அக்கா, ரொம்ப நன்றி. அரசாங்கம் எதுவும் செய்யவில்லையா?

பதிவேடு:
செய்தது. 1914 செப்டம்பரில் அமைச்சர் ஹெர்பர்ட் சாமுவேல் நாடாளுமன்றத்தில் அறிவித்த பிறகு அரசுப் பணமும் வந்தது. ஆனால் ஆளை ஆளாகப் பார்த்துக் குடியமர்த்தும் வேலை பெரும்பாலும் தன்னார்வலர்கள் தலையில்தான். மாட்ஸ்லேக்கு சி.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசு விருது கொடுத்தார்கள்.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த அகதிகளின் அட்டைகள் இன்னும் இருக்கின்றன. பொதுவாகக் குடும்பத்துக்கு ஒரு அட்டை. பெயர், வயது, உறவுமுறை, மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், கொடுத்த உதவித்தொகை, தங்கிய முகவரி. எந்த முகாமிலும் முதலில் கேட்க வேண்டியது இவைதான். “உங்களோடு வந்தவர்கள் யார்?” என்ற கேள்வியை விட்டுவிட்டால் பின்னால் கஞ்சி, போர்வை எதுவும் சரியாகப் போய்ச் சேராது.

பாய்மரம்:
ஒரு சேர்ப்பு. ஜெயித்தவருக்குத் தங்கப் பதக்கம் தரும் வழக்கம் 1904-இல்தான் வந்தது. 1900 வெற்றியாளர் பட்டியல்களில் “தங்கம்” என்றிருப்பது பிற்காலத்தார் போட்டது.

நெய்தல்நிலா:
சரி. என் பட்டியலில் மாட்ஸ்லே பெயருக்கு எதிரே போர் அகதிகள் குழு, கௌரவச் செயலாளர், பெல்ஜிய அகதிகள் 2,50,000 பேர் என்று எழுதிச் சேர்த்துவிடுகிறேன்.