கண்ணளவில் எழுதிய தூரம்: 74 மான் பதிவுகளைக் காப்பாற்ற முடியுமா?

மாயாற்று மாணவன்:

வணக்கம். வனவிலங்கு உயிரியல் முதுகலை, இறுதி ஆண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை சத்தியமங்கலம் காட்டில் புள்ளிமான் கணக்கெடுத்தேன். எட்டு நேர்கோட்டுப் பாதைகள், ஒவ்வொன்றும் 2 கி.மீ. ஒவ்வொன்றிலும் ஆறு காலை நடந்தேன். ஆக மொத்தம் 96 கி.மீ., 74 மான் கூட்டங்கள்.

எங்களுக்கு இருந்த ஒரே தூரமானியை ஒரு சீனியர் வேறு காட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். "கண்ணால் பார்த்து எழுது, பழகிவிடும்" என்றார்கள். எழுதினேன். பாதைக்கும் மான் நின்ற திசைக்கும் இடையிலான கோணத்தை மட்டும் திசைகாட்டியில் பார்த்தேன், அதுவும் முதல் இரண்டு வாரம்தான். பிறகு அதுவும் குத்துமதிப்பு.

நேற்று இரவு எல்லாவற்றையும், பார்த்த தூரங்களை வைத்து விலங்குகளின் அடர்த்தியைக் கணிக்கும் 'டிஸ்டன்ஸ்' மென்பொருளில் ஏற்றினேன். குறிப்பேட்டில் தூரம் எல்லாம் 30, 50, 100. ஒரு 37 இல்லை, ஒரு 62 இல்லை. பாதையிலிருந்து செங்குத்துத் தூரம், அதாவது மான் பாதைக்குக் குறுக்காக எவ்வளவு தள்ளி நின்றது என்று, கணக்கிட்டால் 19 கூட்டங்கள் சரியாகப் பூஜ்ஜியத்தில் நிற்கின்றன. அடர்த்தியும் நான் நினைத்ததைப் போல இரு மடங்கு. உடன் நடந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணனிடம் அந்த எண்ணைச் சொன்னேன். "இத்தனை மான் இருந்தால் அது கத்துகிற கத்தலில் இரவில் நாங்கள் தூங்கவே முடியாது தம்பி" என்று சிரித்தார்.

ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இதில் எதையாவது காப்பாற்ற முடியுமா?

காட்டுக்கோழி:

தானியங்கி கேமராக்களை மரத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே? புலியை அப்படித்தானே எண்ணுகிறார்கள்?

பழைய நடையன்:

காட்டுக்கோழிக்கு முதலில். புலிக்கு அது சரிப்படுவதற்குக் காரணம் வரிகள். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. அதனால் முதல் முறை படத்தில் சிக்கிய புலிகளில் எத்தனை மறுமுறையும் சிக்கின என்று பார்த்து, சிக்காதவை எத்தனை இருக்கும் என்று கணிக்க முடிகிறது. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990-களில் செய்துகாட்டியது அதைத்தான். அதற்கு முன் கால்தடத்தைக் கண்ணாடியில் வரைந்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்துப் புலியை எண்ணிக்கொண்டிருந்தோம். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஏட்டில் புலி இருந்துகொண்டே இருந்தது. காட்டில் ஒன்றுகூட இல்லை என்று 2005-இல்தான் உறுதியானது. புள்ளிமானுக்கும் புள்ளி இருக்கிறதே என்று கேட்காதீர்கள். நாற்பது மான் கூட்டத்தில் ஒவ்வொன்றின் புள்ளியையும் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தால் ஓய்வூதியம் வந்துவிடும்.

இனி மாணவத் தம்பிக்கு. நானும் கண்ணளவில் எழுதியவன்தான், அதனால் திட்டப் போவதில்லை.

இந்த முறையின் உயிர் செங்குத்துத் தூரத்தில் இருக்கிறது. பாதையிலிருந்து தள்ளிப் போகப் போக மான் கண்ணில் படுவது எவ்வளவு குறைகிறது என்பதைத்தான் மென்பொருள் தேடுகிறது. அந்தச் சரிவைக் கொண்டு, பார்க்காமல் விட்டதை ஈடுகட்டுகிறது. உங்கள் பதிவைப் பட்டை வரைபடமாகப் போட்டால் பூஜ்ஜியத்தில் ஒரு தூண், அடுத்து ஒரே பள்ளம். மென்பொருள் என்ன நினைக்கும்? 'இவன் பாதையை ஒட்டி நிற்பதை மட்டும்தான் பார்க்கிறான், கொஞ்சம் தள்ளி இருந்தால் கோட்டை விடுகிறான்' என்று நினைக்கும். நீங்கள் பார்த்த பட்டையைக் குறுகலாக்கி, அடர்த்தியை ஏற்றிவிடும். இரு மடங்கு அங்கிருந்துதான் வருகிறது.

பூஜ்ஜியம் எப்படி வந்தது? 100 மீட்டர் முன்னால், பாதைக்குச் சற்று இடப்பக்கம் ஒரு கூட்டம் மேய்கிறது. 'நேராகத்தான் நிற்கிறது' என்று கோணம் 0 எழுதுகிறீர்கள். உண்மையில் அது 10 டிகிரி. 10 டிகிரி என்றால் பாதையிலிருந்து 17 மீட்டர் தள்ளி நிற்கிறது. உங்கள் கையெழுத்தில் அந்த 17 மீட்டர் காணாமல் போய்விட்டது.

ஒரு கேள்வி. மான் நின்ற இடத்துக்கு அடையாளமாக ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? எட்டுப் பாதைகளும் எங்கே போகின்றன?

மாயாற்று மாணவன்:

26 பதிவுகளுக்கு மரம் எழுதியிருக்கிறேன். 'பிளந்த வெக்காலி', 'கரையான் புற்றுக்குப் பின்னால் உசிலை' என்கிற மாதிரி. அது காவலர் அண்ணன் சொல்லிச் சொல்லி எழுதியது. நாங்கள் நின்ற இடத்தின் ஜி.பி.எஸ். எல்லாவற்றுக்கும் உண்டு.

பாதைகளில் ஆறு, வரைபடத்தில் குலுக்கல் முறையில் போட்டவை. இரண்டு மட்டும், காட்டுத்தீ பரவாதபடி செடி வெட்டிவிட்ட தீத்தடுப்புக் கோடுகள். உன்னிச்செடிக்குள் நடக்க முடியாததால் அப்படிச் செய்தேன். பாதை எட்டுதான் என்றாலும் ஆறு முறை நடந்ததால் மாதிரி எண்ணிக்கை 48 என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

பழைய நடையன்:

முடியாது. ஒரே பாதையில் அறுபது முறை நடந்தாலும் அது ஒரு பாதைதான். அந்த இடத்தின் புல், தண்ணீர், நிழல் எதுவும் நீங்கள் நடப்பதால் மாறுவதில்லை. திரும்பத் திரும்ப நடந்தால் பதிவுகள் கூடும், சரிவுக் கோடு தெளிவாகும். ஆனால் காடு இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பதை எட்டுப் பாதைகள்தான் சொல்லும். 48 என்று போட்டால் பிழை வரம்பு பொய்யாகச் சுருங்கும். வாய்மொழித் தேர்வில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.

தீத்தடுப்புக் கோடுகள் இரண்டையும் மறந்துவிடுங்கள். செடி வெட்டிய இடத்தில் இளம்புல் வரும், இளம்புல்லுக்கு மான் வரும். மான் கூடுகிற இடமாகப் பார்த்து நடந்துவிட்டு, காடு முழுக்க இப்படித்தான் என்று சொல்ல முடியாது. தூரத்தில் செய்த தவறுக்காவது மருந்து உண்டு, பாதை போட்டதில் செய்ததற்குக் கிடையாது.

மருந்து இதுதான். ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு அந்த 26 மரங்களிடம் போங்கள். நீங்கள் நின்ற இடத்திலிருந்து மரம் வரை அளந்து, எழுதி வைத்ததோடு ஒப்பிடுங்கள். உங்கள் கண் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரியும். பிறகு மரத்திலிருந்து பாதைக்குக் குறுக்காக அளந்துவிடுங்கள். செங்குத்துத் தூரம் நேரே கையில் கிடைக்கும், கோணமே தேவையில்லை. மற்ற பதிவுகளை அகலமான தூரக் கட்டங்களாகத் தொகுத்து ஏற்றுங்கள். அந்தப் பூஜ்ஜியங்கள் எல்லாம் விழுங்கப்படும்படி முதல் கட்டம் 20 மீட்டராவது இருக்கட்டும்.

காவலரையும் அழைத்துப் போங்கள். பிளந்த வெக்காலி எது என்று உங்களுக்குத் தெரியாது.

உன்னிக்காடு:

ஒன்று சேர்க்கிறேன். இரண்டு பாதைகள் போனால் பதிவுகள் 60-க்குக் கீழே இறங்கிவிடும். 60 முதல் 80 வரையாவது வேண்டும் என்பது பொது வழக்கு. மீண்டும் நடப்பதாக இருந்தால் மழைக்கு முன்பே நடந்துவிடுங்கள். மழைக்குப் பிறகு உன்னி தழைத்து 15 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்தப் பதிவையும் மார்ச் பதிவையும் ஒரே சரிவில் போட முடியாது.

மாயாற்று மாணவன்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். 26-இல் 22 மரங்கள் கிடைத்தன. ஒன்றை யானை சாய்த்திருந்தது, மூன்றைக் காவலர் அண்ணனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் '50' என்று எழுதிய ஏழு இடங்களில் ஒன்று 31 மீட்டர், ஒன்று 68. பூஜ்ஜியம் என்று எழுதிய ஐந்தில் ஒன்றுதான் உண்மையிலேயே பாதையில் இருந்தது. மற்ற நான்கும் 6 முதல் 19 மீட்டர் தள்ளி.

கட்டங்களாகத் தொகுத்ததில் அடர்த்தி பாதிக்கும் சற்று மேலாக இறங்கியிருக்கிறது. பிழை வரம்பு பயங்கரம். ஆனால் அண்ணன் இப்போது சிரிக்கவில்லை. மழைக்கு முன் ஆறு பாதைகளிலும் இன்னும் மூன்று முறை நடக்கப் போகிறேன். தூரமானி இன்னும் சீனியரிடம்தான் இருக்கிறது. யாரிடமாவது ஒரு மாதத்துக்கு இரவல் கிடைக்குமா?

பழைய நடையன்:

கோல்ஃப் ஆடுகிறவர்கள் வைத்திருக்கும் தூரமானியே போதும். ஊட்டியில் யாராவது தெரிந்தவர் இருந்தால் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்த நாடாவோடு நடங்கள், மான் போன பிறகு அளந்துகொள்ளலாம்.