குழுவோடு மலை ஏரிக்கு முதல் பயணம், ஓர் இரவு தங்கல்: போகலாமா?

மெல்லநடை கேட்கிறார்:

வணக்கம். உயரத்தில் இருக்கும் ஓர் ஏரிக்கு ட்ரெக்கிங் போகும் குழுவில் பெயர் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு பேர், இரண்டு வழிகாட்டிகள். நடை தொடங்குவது 2,600 மீட்டரில், ஏரி இருப்பது 3,400 மீட்டரில். ஒரு பக்கம் 9 கிலோமீட்டர். முதல் நாள் ஏறி, ஏரிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் இறங்க வேண்டும். கூடாரத்தையும் சமையல் சாமான்களையும் நாமே பங்கு போட்டுச் சுமக்க வேண்டுமாம்.

எனக்கு 47 வயது. தினமும் நடக்கிறேன், ஆனால் முதுகில் சுமையோடு நடந்ததில்லை. மற்றவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். எல்லாரும் எனக்காக நின்று காத்திருப்பார்களே என்பதுதான் பெரிய கவலை. குளிரைத் தாங்க முடியுமா, உயரத்தில் தலை வலிக்குமா என்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான். கழிப்பறைக்கு என்ன செய்வது என்று அமைப்பாளரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசிஆள்:

இந்த மாதிரிக் குழுக்களில் கடைசியாக நடக்கும் வழிகாட்டி நான். மெதுவாக வருகிறவர்களோடுதான் என் பகல் முழுக்கக் கழிகிறது. அதனால் உங்கள் கவலை நன்றாகவே புரிகிறது.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: சமதளத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்கு அது மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால் அது நல்ல பழக்கம் உள்ளவர் நிற்காமல் நடந்தால். பெரிய பையோடு, காற்று மெலிந்த உயரத்தில், பன்னிரண்டு பேர் சேர்ந்து போனால் ஐந்தாறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பாளர் "மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்" என்று சொன்னால், அந்தக் குழு உங்களுக்கானது அல்ல.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. முன்னால் போகிறவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்போது அவர்கள் எழுந்து கிளம்புவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காது. வேகத்தைவிட இதுதான் ஆளைச் சாய்க்கிறது. ஆகவே தொடக்கத்திலேயே, "முன்னால் போகும் வழிகாட்டிக்கு அடுத்தபடியாக நான் நடக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டே வேகத்தை வைப்பார். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். இளைஞர்களும் அதே வேகத்தில் வந்தால், ஏரிக்குப் போன பிறகும் தெம்பாக இருப்பார்கள்.

பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 60 கிலோ இருப்பவருக்கு 12 கிலோ. பொதுச் சாமான்களைப் பங்கிடும்போது கூச்சப்பட்டுக் கனமானதை வாங்கிக்கொள்ளாதீர்கள். அதே பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு இப்போதிருந்தே படி ஏறி இறங்கிப் பழகுங்கள்.

தலைவலி பற்றி: காற்று மெலிந்த உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் உயர நோய் பெரும்பாலும் ஏறும்போது தெரியாது. மேலே போய்ச் சேர்ந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். அதாவது கூடாரத்துக்குள், இருட்டில். முடிந்தால் முந்தின இரவே 2,600 மீட்டரில் வந்து தங்குங்கள். உயர நோயை மதிப்பிட மருத்துவர்கள் பயன்படுத்தும் லேக் லூயிஸ் அட்டவணையில் தலைவலி, குமட்டல், அசதி, தலைசுற்றல் இருக்கின்றன. தூக்கமின்மையை 2018-ல் எடுத்துவிட்டார்கள். எனவே தூக்கம் வரவில்லை என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். ஆனால் தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் எங்களை எழுப்புங்கள். குதிகாலும் கால்விரலும் தொட்டபடி நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால் அந்த இரவிலேயே கீழே இறக்கியாக வேண்டும். எழுப்பினால் திட்டுவார்களோ என்று நினைத்து வலியை மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு உண்மையான பயம் அவர்களைப் பற்றித்தான்.

கூடாரவாசி:

குளிருக்கும் கழிப்பறைக்கும் நான் சொல்கிறேன் அக்கா.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அதோடு இந்த ஏரிகள் பல, பனியாறு குடைந்த பள்ளத்தில் கிடப்பவை. இரவில் சரிவுகளில் இருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கி அங்கேயே தேங்கும். தண்ணீரை ஒட்டிக் கூடாரம் போட்டால் படத்துக்கு அழகுதான், ஆனால் விடியற்காலையில் கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க நனைந்து சொட்டும். கரையில் இருந்து 60 மீட்டராவது தள்ளி, கொஞ்சம் மேடான இடமாகப் பாருங்கள். ஏரிக்கும் அதுதான் நல்லது.

ஸ்லீப்பிங் பேக்கில் எவ்வளவு குளிர் வரை தாங்கும் என்று சில டிகிரி எண்கள் இருக்கும். அதில் 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' எண்களை நம்பினால் இரவு முழுக்க நடுங்குவீர்கள். அடியில் விரிக்கும் விரிப்புக்கு, தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஆர்-வேல்யூ என்று ஓர் எண் உண்டு. தரையில் உறைபனி விழும் என்றால் நான்குக்குக் குறையாமல் கேளுங்கள். நடந்தபோது போட்ட உடையோடு தூங்காதீர்கள். வியர்வை ஈரம் இருக்கும். உலர்ந்த உள்ளாடை, சாக்ஸ் ஒரு செட்டைத் தூங்குவதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

கழிப்பறை: தண்ணீர், பாதை, கூடாரம் எல்லாவற்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளிப் போய், சிறு கைமண்வெட்டியால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்டிப் போய்விட்டு மூட வேண்டும். சில இடங்களில் அதையும் பையில் கட்டிக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாப்கினைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. உள்ளே தெரியாத ஜிப் கவர் இரண்டு எடுத்துப்போனால் யாருக்கும் தெரியாமல் திரும்பக் கொண்டுவரலாம். இதைக் கேட்க வெட்கமே வேண்டாம். கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் நிறைய. அப்புறம் வருகிற தலைவலி தண்ணீர் போதாமலா, உயரத்தாலா என்று வழிகாட்டிக்கே குழப்பமாகிவிடும்.

நீர்க்குடுவை:

ஒரு சின்னக் குறிப்பு. ஏரித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள், வயிற்றுப்போக்கு வரவைக்கும் ஜியார்டியா என்ற கிருமி கண்ணுக்குத் தெரியாது. அந்த உயரத்தில் கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விட வேண்டும். ஃபில்டர் வைத்திருந்தால் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ளுங்கள். அதன் இழைகள் ஒருமுறை உறைந்தால் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

மெல்லநடை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அமைப்பாளரிடம் பேசினேன். ஐந்தரை மணி நேரம் ஆகும் என்றார், வழிகாட்டிக்கு அடுத்து நான் நடக்கவும் ஒத்துக்கொண்டார். முந்தின நாளே போய்த் தங்கப் போகிறேன். ஒன்று மட்டும்: ஏறுவதைவிட இறங்குவதில்தான் எனக்கு முழங்கால் வலிக்கும். அதற்கு ஏதாவது?

கடைசிஆள்:

இரண்டு ட்ரெக்கிங் கோல்களும் கட்டாயம். இறங்கும்போது கோலின் நீளத்தை 5 முதல் 10 சென்டிமீட்டர் கூட்டி, முதலில் கோலை ஊன்றி, அப்புறம் காலை வையுங்கள். காலடிகள் சின்னதாக இருக்கட்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்கும்முன் ஷூ லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் விரல்கள் முன்னால் போய் இடிக்காது. குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்தாலே நிற்கச் சொல்லுங்கள். கொப்புளம் வருவதற்கு முன் டேப் ஒட்ட இரண்டு நிமிடம் போதும், வந்த பிறகு அந்த நாள் முழுக்க நொண்ட வேண்டியிருக்கும்.