ப்ரூஃப் (அச்சுக்கு முந்தைய திருத்தப்படி) பார்க்கும்போது ஒரே பிழை பக்கத்துக்குப் பக்கம் வந்தால் எப்படிக் குறிக்கிறீர்கள்?

தேவகோட்டை டிடிபி:
ஒரு குடமுழுக்கு மலர் ப்ரூஃப் இன்னும் உறுத்துது. ‘அந்த கோயில்’, ‘இந்த திருப்பணி’ வந்த இடமெல்லாம் சிவப்பு மையில் க், த். அந்த நெரிசலில் நன்கொடைத் தொகையில் ஒரு சுழி விட்டுப்போனது யார் கண்ணிலும் படலை. ஒருவகைப் பிழைக்கு ஓர் எண் போதும்: 1 வலி மிகுதல் (க், ச், த், ப் சேர்வது), 2 ஒருமை பன்மை, 3 ர/ற. முதல் தடவை முழுத் திருத்தம், அப்புறம் அடிக்கோடும் எண்ணும். எண்களின் விளக்கம் முதல் தாளில்.

காரைக்குடி லேஅவுட்:
அண்ணே, ஃபைல் கையில் இருக்கும்போது மை எதுக்கு? லிப்ரே ஆபீசில் கன்ட்ரோல்+எச், ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ டிக்.
தேட: ([அஇஎ]ந்த|[அஇஎ]ப்படி) ([கசதப])
மாற்ற: $1$2் $2
‘அந்த கோயில்’ ‘அந்தக் கோயில்’ ஆயிடும். யூனிகோடா இருக்கணும். பாமினிங்கிற பழைய எழுத்துருவில் அடிச்ச ஃபைலில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, ஒண்ணும் சிக்காது.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, ‘அந்த’, ‘இந்த’ மாதிரி சுட்டுக்கு அது சரி. வேற்றுமைக்கு அப்படி மொத்தமா மாத்திடாதீங்க. ‘கோயிலுக்கு கொடுத்தார்’ என்பதுக்காக ‘க்கு’வைத் தேடினா ‘விளக்கு சரிந்தது’ம் மாட்டும். அது எழுவாய், அங்கே ச் வராது. ‘ஐ’ உருபும் அப்படித்தான்: ‘வீட்டை பூட்டி’யில் ப் வேணும், ‘மழை பெய்தது’க்கு வேண்டாம். வேர்டில் ‘வைல்டு கார்டு’ டிக் போட்டு, தேட: க்கு [கசதப], மாற்ற: ^&. ஃபார்மட்டில் ஹைலைட். எழுத்து மாறாது, நிறம் மட்டும் ஏறும். பிறகு கண்ணால் பாருங்க.

கானாடுகாத்தான் ப்ரூஃப்:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். நம்ம ஊர் மலர்களில் ஒற்றுப் பிழையைவிடப் பெயர்தான் படுத்தும். இளையாத்தங்குடி, இளையாற்றங்குடி, வைரவன்பட்டி, வயிரவன்பட்டி. எதுவும் பிழையில்லை, ஒரே மலரில் இரண்டும் வரக்கூடாது, அவ்வளவுதான். தட்டச்சுக்கு முன்னாலேயே விழாக் குழுவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிடுங்க. அதில் இல்லாத வடிவத்துக்கு மட்டும் ‘பெ’ன்னு ஓரக்குறி. இன்ஷியலும் அந்தத் தாளிலேயே: ‘பழ. கரு.’ இடைவெளியோடயா, ஒட்டியா? இடைவெளின்னா கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஸ்பேஸ் போடுங்க. இல்லாட்டி ‘பழ.’ வரிக் கடைசியில் நிக்கும், மிச்சம் அடுத்த வரிக்குப் போயிடும். இன்னொண்ணு, ‘ஔவை’யை ஒ, ள என்று இரண்டு எழுத்தா அடிச்சிருப்பாங்க. பார்க்க ஒரே மாதிரி, தேடினா கிடைக்காது. ‘ஒள’ என்று தனியாத் தேடுங்க. ‘ஒளி’யும் கூடவே வரும், தள்ளிடுங்க.

தேவகோட்டை டிடிபி:
ஆச்சி, அந்த நிறத்தை அச்சுக்கு முன்னால் எடுக்கணுமே?

பள்ளத்தூர் ஆச்சி:
கன்ட்ரோல்+ஏ, ஹைலைட்டில் ‘நிறம் இல்லை’. பிடிஎஃப் அதுக்கப்புறம்.