மார்க்கப்புக்கு ‘உரைக்குறி’: என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம். விக்கிப்பீடியாவில் எழுதும்போது எழுத்தைத் தடிப்பாக்கவும் இணைப்புக் கொடுக்கவும் உரைக்குள் இடுகிற குறிகளைத்தான் ஆங்கிலத்தில் மார்க்கப் (markup) என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘குறியீட்டு மொழி’ என்றே வைத்துக்கொள்ளலாமே, பழகிவிட்டது.

பழகிவிட்டது, சரி. ஆனால் கணக்கிலும் குறியீடு, கவிதையிலும் குறியீடு, கணினி நிரலுக்கும் பலர் அதையேதான் சொல்கிறார்கள். இன்னொருவர் சொன்ன ‘ஒப்பனை மொழி’யும் பொருந்தவில்லை. [[ ]] போட்டால் இணைப்பு உண்டாகிறது, அது ஒப்பனை அல்ல.

என் பரிந்துரை ‘உரைக்குறி’. நிறுத்தற்குறி, வினாக்குறி, மேற்கோள்குறி என்று பள்ளியிலேயே படித்த வரிசையில் இதுவும் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுதுகிற உரைக்குள்ளேயே, எழுதுகிறவரே இடும் சின்னக் குறி. உரை என்றால் சொற்பொழிவும் ஆகுமே என்பார்கள். மீயுரை (hypertext) என்ற சொல்லில் யாருக்கும் அந்தக் குழப்பம் வரவில்லையே.

இந்தச் சொல்லுக்கு ஓர் எல்லையும் வேண்டும். போன பயிற்சிப் பட்டறையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் ஊர்க் கட்டுரையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வந்தார். தொகு பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்க {{ என்று தொடங்கி, நிமிர்ந்த கோடும் சமக்குறியுமாக வரிகள். “எங்க ஊர் எங்கே தம்பி?” என்று கேட்டார். ஊர் அதற்கெல்லாம் கீழே இருந்தது. அவர் திருத்தாமலே போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வசதியே கூட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1995இல் வார்டு கன்னிங்காம் உருவாக்கிய முதல் விக்கியில் (யாரும் தொகுக்கக்கூடிய தளத்தில்) இணைப்புக்கு அடைப்புக்குறிகூடக் கிடையாது. பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒட்டி எழுதினால் போதும். அழகான எளிமைதான், ஆனால் தமிழில் பெரிய எழுத்து ஏது? 2001இல் விக்கிப்பீடியாவுக்கு [[ ]] வந்திராவிட்டால் நாம் இணைப்பே போட்டிருக்க முடியாது. அதற்கும் நாம் விலை கொடுக்கிறோம். தமிழ்99 விசைப்பலகையில் [[ தட்டினால் ‘ச்ச’ வருகிறது, தடித்த எழுத்துக்கு மூன்று ஒற்றை மேற்கோள் தட்டினால் ‘ய்யய’. ஒவ்வொரு குறிக்கும் விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். அதனால்தான் புதுக்குறி ஒன்று கூடும்போதெல்லாம் எனக்குக் கை வலிக்கிறது.

2006 வாக்கில் வார்ப்புருவுக்குள், அதாவது பல கட்டுரைகளில் {{ போட்டுச் செருகுகிற பொது அச்சுக்குள் (template), ‘இது இருந்தால் அதைக் காட்டு’ என்ற நிபந்தனைகள் நுழைந்தன. அது குறி அல்ல, கணினிக்கு இடும் கட்டளை. 2013இல் லுவா (Lua) என்ற நிரல்மொழி வந்தபோது அந்த வேலைக்குத் தனிப் பக்கமே கிடைத்தது. அப்புறமும் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், உதவிப் பக்கத்தைத் திறக்கிற புதியவர் இரண்டையும் கற்றாக வேண்டும் என்றுதான் நினைப்பார்.

ஆகவே தடிப்பு, சாய்வு, தலைப்பு, பட்டியல், இணைப்பு, இவை மட்டும் உரைக்குறி. நிபந்தனையும் கணக்கும் வந்தால் ‘வார்ப்புரு நிரல்’. மார்க்டவுன் (Markdown) என்பது இதே போன்ற வேறொரு குறிமுறையின் தனிப்பெயர், அப்படியே இருக்கட்டும்.

மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் உதவிப் பக்கத்தை இரண்டாகப் பிரிக்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறேன்.